எழுதாதது நடக்காதது

கே.கே. நகரில் நாலாவது மாடி.
இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்தால்
காலை ஆறுக்கு எழுந்திருக்கலாம்.
ஒஹையோவில் யாருக்கோ மூச்சு வாங்குகிறது.
அவருடைய டாக்டர் எழுதியதைப் படித்து
நான் இங்கே ஓர் எண்ணைத் தட்டுகிறேன்.
பருமனுக்கு இ அறுபத்தாறு.
உடம்பை அசைக்காததற்கு ஒன்று,
கண்ட நேரத்தில் கண்டதைத் தின்பதற்கு ஒன்று,
தூக்கம் கெட்டதற்கும் உண்டு.
ராத்திரிக்கு நூற்றுப்பத்து சார்ட்.
தப்பில்லாமல் முடித்தால் இன்சென்டிவ்.

பயிற்சியின் முதல் நாளே
ஜெபசிங் சார் போர்டில் எழுதிப்போட்டார்:
எழுதாதது நடக்காதது.
உனக்கே தெரிந்தாலும்
டாக்டர் எழுதாமல் கோட் போடாதே.

பன்னிரண்டரைக்கு யாருக்கும் பசிக்காது.
ரெஹ்மத் நிஷா டப்பாவைத் திறப்பாள்,
கை தானாகப் போகும், கண் ஸ்கிரீனில் இருக்கும்.
இரண்டரைக்குத் தூக்கம்
பசி வேஷம் போட்டுக்கொண்டு வரும்.
கீழே இறங்குவேன், லிப்டில்தான்.
தள்ளுவண்டிக் கல்லில் கொத்துச் சத்தம்.
"சால்னா இன்னும் ஊத்தவாண்ணே?"
போதும் என்று சொல்ல
இந்த ஊர் எனக்குக் கற்றுத்தரவே இல்லை.

வேலைக்குச் சேரும்போது இடுப்பு முப்பத்திரண்டு.
புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய
டெய்லர் கோவர்தனன்
டேப்பைச் சுற்றி அளந்தால்
எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டார்,
நோட்டில் மட்டும் குறிப்பார்.
"உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டிருக்கேன்,
பின்னாடி பிரிச்சுக்கலாம்."
இதைவிட நாகரிகமாக ஒரு நோயைச் சொல்லி
எந்த சார்ட்டிலும் நான் படித்ததில்லை.

பகலில் அனுப்பானடி வீட்டு ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை.
மேல்வீட்டு மிக்ஸி,
பழைய இரும்பு வாங்குகிறவரின் மைக்.
நாலு மணி நேரத் தூக்கம், அதுவும் துண்டு துண்டாய்.
மகள் பள்ளியிலிருந்து வந்து எழுப்புவாள்,
அவள் மிச்சம் வைத்த தயிர்சாதத்தை
வழித்து முடிப்பது நான்.
வீணாகக் கூடாதே.
பத்மலோசனிக்குப் பகல் வேலை.
நாங்கள் நேருக்கு நேர் உட்கார்வது ஞாயிறு ராத்திரி,
நடுவில் கறிதோசை.
அதில் எதைக் குறைக்கச் சொல்வீர்கள்?

மார்ச்சில் ஒரு சார்ட்.
ஆண், வயது நாற்பத்தொன்று, கிடங்கில் இரவு வேலை.
மூன்று மணிக்குச் சாப்பிடுகிறார்.
பகலில் நாலு மணி நேரம் தூங்குகிறார்.
கடைசி வரியில் அந்த டாக்டர் சேர்த்திருந்தார்:
மனைவியைப் பார்ப்பதே ஞாயிறுகளில்தான் என்கிறார்.
அதற்குக் கோட் தேடினேன்.
இல்லை.
மறுபடி படித்தேன். அன்று பதினேழு சார்ட் குறைந்தது.
அந்த ஆளிடம் ஒருவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்,
கேட்டதை எழுதியிருக்கிறார்.
அதனால் அவருக்கு நடந்திருக்கிறது.
எனக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்குத் தெப்பக்குளம் வழி.
அன்று வடக்கு மூலையில் பைக்கை நிறுத்தினேன்.
கழுத்தில் ஐடி கார்டு, காலில் ஆபீஸ் செருப்பு.
ஷூ போட்டவர்கள் கை வீசிக் கடந்தார்கள்.
ஒரு பக்கம் முடிந்தது.
அடுத்த பக்கம் பாதியில் மூச்சு வாங்கியது,
ஒஹையோவில் கேட்டிருக்கும்.

எதிர்மூலையில்
நடந்து முடித்தவர்கள் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.
நானும் நின்றேன்.
"ஒண்ணு போதும்."
"ஒண்ணா?" என்றார் கடைக்காரர்,
வீட்டில் ஏதோ துக்கம் போல.

எண்ணெய் விரலைப் பேப்பரில் துடைத்துவிட்டு
யோசித்தேன்.
வந்த வழியே திரும்பினாலும்
சுற்றி முடித்தாலும்
அங்கிருந்து பைக்குக்கு
ஒரே தூரம்தான்.