பிழை எண் 212

ஒசாகாவில், யோதொகவா ஆற்றுப் பக்கம்,
மூன்றாம் மாடி. இரவு இரண்டு மணி.
பிழை தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டாம் பாகத்துக்கென்று புதிதாய் வந்தவள்,
இடக்கைக்காரி, பெயர்கூட முடிவாகவில்லை.
மினேகிஷி அவளுக்கு
நிற்க, நடக்க, எகிற, உதைக்க
வரைந்து முடித்திருந்தார்.
விழ இன்னும் வரையவில்லை.

அடித்தேன். உயிர்க்கோடு சிவந்து, தேய்ந்து, தீர்ந்தது.
எதிராளி கை தூக்கி ஆடினான்.
இவள் அப்படியே நின்றாள்,
மூச்சு மட்டும் தோளில் ஏறி இறங்க.

பிழை எண் 212: தோற்கிறாள், விழவில்லை.
அவசரம்: நடுத்தரம்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் பதினோரு நிமிடம்.
முதல் பாகமே கல்லாவை நிரப்பவில்லையாம்.
சர்க்யூட் பலகைகளை எண்ணி
அட்டைப்பெட்டியில் போட்டார்கள்.
மினேகிஷியைப் பச்சிங்கோ பிரிவுக்கு மாற்றினார்கள்.
இப்போது மீன் வரைகிறார்;
நன்றாகத்தான் இருக்கிறது மீன்.

என் பட்டியலையும் மூடச் சொன்னார்கள்.
ஒவ்வொன்றாய் 'ரத்து' அடித்துக்கொண்டே வந்தேன்.
212இல் விரல் நின்றது.

'சரிசெய்யத் தேவையில்லை' என்று எழுதினேன்.
பிறகு தாழ்வாரத்துக் காப்பி இயந்திரத்தில்
நூறு யென் போட்டேன்.
விழுங்கிவிட்டு
அது சும்மா நின்றது.