பத்தி பதினாறு

உயர் நீதிமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவில்
என் தலைக்கு மேலுள்ள மின்விசிறி
ஐந்தாம் எண்ணில் மட்டும்தான் ஓடும்.
தாள்கள் பறக்காமலிருக்க
சாவி தொலைந்த ஒரு பூட்டை வைத்திருக்கிறேன்.

எத்திராஜுக்குப் புரிகிற தமிழில்
ஆணை நாளைக் காலை புழலுக்குப் போயாக வேண்டும்.

மாதம் ஓர் ஊசி.
எலும்பு தேயலாம், மார்பு வீங்கலாம்,
இச்சை அடங்கலாம் என்று
லாம் லாமாக எழுதியிருக்கிறார் டாக்டர்.
அரசு வக்கீல் வாயில் அது 'அடங்கும்' ஆகிவிட்டது.

பத்தி பதினொன்று:
இது தண்டனை அன்று, சிகிச்சை.
"தண்டனைன்னா சட்டம் வேணும்,
சிகிச்சைன்னா நோயாளி வேணும்,
ரெண்டும் இல்லாம ஊசி மட்டும் இருக்கு"
என்றாள் மெர்சி ஃபிளோரா,
இலவச சட்ட உதவியில் அவனுக்கு வாதாடுகிறவள்.
இருபத்தொன்றாம் உறுப்பு
சிறைக்குள்ளும் செல்லும் என்று
மூன்று நாள் பேசித் தொண்டை கட்டியிருந்தது.
டீயை முடித்துவிட்டு,
"என் பொண்ணுக்கும் ஒம்போது வயசுதான்" என்றாள்.
மீதிச் சில்லறை வாங்காமலே போனாள்.

பத்தி பதினாறு.
கைதி இதைத் தந்தால் நான்காண்டு குறையும்.
எதைத் தந்தால்?

சம்மதம் என்றால்
தாம்பூலத் தட்டு கண்ணில் வருகிறது.
ஒப்புதல் என்றால்
வாக்குமூலம் வந்து ஒட்டிக்கொள்கிறது.
இசைவு,
அது குரலுக்கும் சுருதிக்கும் உள்ளது;
கம்பிக்கும் கைக்குமா?

கோப்பில் அவள் ஓர் எழுத்து, ஒரு புள்ளி.
பெயர் எழுதச் சட்டம் விடாது.
அவளிடம் யாரும் பத்தி பிரித்துக் கேட்கவில்லை.
பக்க விளைவுகளை
எந்த மொழியிலும் வாசித்துக் காட்டவில்லை.
கேட்டிருந்தாலும், அவள் தலையசைத்திருந்தாலும்,
செல்லாது.
அவ்வளவு கவனமாகச் சட்டம்
அவளுக்காகப் பூட்டி வைத்திருந்த சொல்
அவன் அறைக்குள் உடைந்தது.

அதே சொல்லை
இவனுக்காக அகராதியில் தேடுகிறேன்.
எரிச்சலாக இருக்கிறது.
அதற்காகத் தப்பான சொல்லைப் போட முடியாது.
போட்டால் அவன் கையெழுத்து வேறு எதற்கோ ஆகிவிடும்.

ஐந்தே முக்கால்.
கடற்கரை ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி கிளம்பியிருக்கும்.
டவாலி முருகையன் இருமுறை எட்டிப் பார்த்துவிட்டான்.

இசைவு என்று எழுதினேன்.
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
மூலத்தில் அது இல்லை.
அழித்தேன்.
தாளைத் திருப்பித் தடவினால்
விரலில் தட்டுகிறது.