அபராதம்

நூலகத்தில் எடுத்த படப்புத்தகம், பன்னிரண்டு பக்கம்.
எல்லாப் பக்கத்திலும் வெள்ளைத் தாடி,
வட்டக் கண்ணாடி, கையில் ஒரு கோல்,
மடியில் பேரன்.
கீழே கொட்டை எழுத்தில்: தாத்தா.

"இது தாத்தா. நம்மளுது அப்புச்சி"
என்றாள் இதழிகா, முதல் பக்கத்திலேயே.

சரிதான்.
ஆறுச்சாமி அப்புச்சிக்குத் தாடி கிடையாது.
ஞாயிறுதோறும் மீசைக்கு டை.
காலை ஆறரைக்கு மொபெட்டில்
சோதனைச்சாவடி தாண்டி வேலந்தாவளம் போய்
லாட்டரிச் சீட்டு விற்கிறார்.
இந்தப் பக்கம் விற்றால் கேஸ்,
அந்தப் பக்கம் "நாளெயாணு, நாளெ."
அவர் மடியில் இவள் உட்கார்ந்ததே இல்லை.
மொபெட்டின் முன்னால் நிற்பாள்,
ஹேண்டில்பாரைத் தானே ஓட்டுவதுபோல் பிடித்துக்கொண்டு.

நான் சோறு வடித்துத் திரும்புவதற்குள்
பதினொரு தாத்தாவுக்கும்
பால்பாயின்ட் பேனாவில் தலை கறுத்துவிட்டது.
தாடியை எப்படி மழிப்பதென்று தெரியாமல்
கட்டம் போட்டு மஃப்ளர் ஆக்கியிருந்தாள்.
பன்னிரண்டாம் பக்கத்தில்
கோலை அடிக்கப் பேனா இறங்கும்போது
மொபெட் சத்தம்.

விற்காத சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு
டிவி மேல் வைத்துவிட்டு
அப்புச்சி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.
மஃப்ளருக்குச் சிரித்தார்.
"ஃபைன் எவ்வளவு போடுவாங்க?" என்று என்னைக் கேட்டார்.
அப்புறம், இடது முட்டியைத் தேய்த்தபடி,
"அந்தக் குச்சி மட்டும் இருக்கட்டும் கண்ணு,
அடிச்சறாத."

பேனாவை மூடினாள்.
மறுபடி திறந்து
குச்சிக்கு அடியில்
இரண்டு சக்கரம் போட்டாள்.