பத்து நாற்பது

செய்துங்கநல்லூர் தாண்டி
மொட்டை மாடியொன்றில் முக்காலி ஊன்றி
மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி மாட்டி
உட்கார்ந்திருக்கிறேன், ஏழு நாள் ஒப்பந்தம்.
நாளுக்கு எழுநூறு, சாப்பாடு தனி.
என் வேலை கேட்பது இல்லை.
பெட்டி கேட்டதைப் பார்த்து எழுதுவது.

ஓடுதளம் நீளப்போகிறதாம்.
பெரிய விமானம் வருமாம், ராத்திரியும் இறங்குமாம்.
பத்து மணிக்கு மேல் பறக்கக் கூடாதென்று
ஊரே மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.
கீழ்வீட்டு ஜெபக்கனியும் போட்டிருக்கிறாள்.
"ராத்திரி நான் எங்க இங்க கெடக்கேன்?
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில
முக்கால் கிலோ, ஒரு கிலோ புள்ளையளுக்கு
மூச்சு எண்ணிட்டுல்லா நிக்கேன்.
எனக்கு ராத்திரி பகல்லதான் வரும்.
அதுக்கு மனு இருக்கா சார்?"

இல்லை.
படிவத்தில் பகல் என்பது
காலை ஆறு முதல் இரவு பத்து.

முதல் நாள் பத்து நாற்பதுக்கு
வல்லநாட்டு மலைப் பக்கமிருந்து
வயிறு தெரிய வந்தது.
எழுபத்தெட்டு.
வாழைக்குள்ளிருந்து கொக்குகள் கிளம்பி
அதே வாழைக்குள் இறங்கின.
கீழே நாதாங்கி விலகும் சத்தம்,
பிறகு குழாய்த் தண்ணீர்.
அந்த இரண்டும் பெட்டிக்கு எட்டவில்லை.

நாற்பது விநாடிதான் மொத்தம்.
அதை இருபத்துநாலு மணி நேரத்துக்கும் பரப்பிச்
சராசரி எடுக்கச் சொல்கிறார்கள் சென்னையில்.
ஒரு கரண்டி மாவைத்
தெரு முழுக்கத் தோசையாய் இழுத்தால்
எதைத் தின்ன?
ஐம்பத்தொன்று. வரம்புக்குள்.

கொடைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் தொண்ணூற்றாறு:
அது 'பிற' என்ற கட்டத்தில்.
மயில் அறுபத்தொன்பது, அதுவும் பிற.
பக்கத்து வீட்டு மிக்ஸியை விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் படியேறி வந்தாள்.
தலையணைத் தடம் கன்னத்தில் இருந்தது.
"பிளேன நிறுத்தச் சொல்லல சார்.
எந்தம்பியும் அதுலதான் துபாய்க்குப் போனான்.
நாலு மணிக்கு மேல வரச் சொல்லுங்க,
நான் எந்திச்சிருப்பேன்."
வாழைத்தார் ஏற்ற வரும் லாரிக்கு
நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள்.
ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.
பென்சிலில் எழுதியதை
சென்னை படிக்காது என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் அங்கே பெருமழை.
காலை விமானம் ரத்து என்று
எட்டரைக்கே செய்தி வந்துவிட்டது.
தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள்.
மிக்ஸியும் ஓய்ந்தது.
கொய்யா மரத்தில் அணில்கூட
அரைக்குரலில்தான்.
நானே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.
இன்றைக்காவது தூங்கட்டும்.

பத்து நாற்பது.

நாதாங்கி.

முடி கலைந்து, முற்றத்தில் வெறுங்காலோடு நின்று
அண்ணாந்து பார்த்தாள், முதலில் வானத்தை,
பிறகு என்னை.
"போயிட்டா?"

பெட்டியைப் பார்த்தேன்.
நாற்பத்து மூன்று.
அதைத்தான் எழுத வேண்டும்.