ஐந்து ஆட்டம், நான்கு புள்ளி

ஏப்ரலிலும் எங்கள் மைதானத்தில்
முதலில் தோற்கடிக்க வேண்டியது பனியை.
அதை ஒழுங்காகச் செய்கிறோம்.
காலை ஆறுக்கே துறைமுகத்து வண்டியால் நான் தள்ள,
ஊட்வார் துடைப்பத்தோடு கோடுகளைத் தேட,
பதினொன்றுக்குப் பச்சை தெரிந்துவிடுகிறது.
மாலையில் வருகிறார்கள் பதினோரு பேர்
அந்தப் பச்சையை வீணடிக்க.

"பொறு ராக்ன்ஹில்ட், ஐந்து ஆட்டம்தானே ஆகியிருக்கிறது."
ஊட்வார் எல்லா வருடமும் இதையே சொல்வான்,
எண் மட்டும் மாறும்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
நான் ஐந்து நசுக்கிப் பார்த்துவிட்டேன்.
நடுவில் அரிசி.

நடு என்றதும் யோஸ்டெய்ன் ஞாபகம்.
அக்டோபர் வரை நடுக்களம் அவனுடையது.
ஜனவரியில் தெற்கே ஒரு பணக்கார கிளப்புக்கு விற்றார்கள்,
வந்த பணத்தில் நான்கு விளக்குக் கம்பங்கள் நட்டார்கள்.
நல்ல விளக்குகள். குறை சொல்லமாட்டேன்.
நடுக்களத்தில் ஆளில்லாதது
கடைசி வரிசை வரை தெளிவாகத் தெரிகிறது.

பின்னால் மூவர் போதும் என்று
கோச் ஸ்டெய்னார் எங்கே படித்துவந்தாரோ.
நீ போ, நீ போ என்று மூவரும் உபசரித்துக்கொள்வதற்குள்
பந்து உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது.
இடப்பக்கம் தூரே.
முப்பத்து நான்கு வயது, வார நாட்களில் குழாய் ரிப்பேர்.
ஏறிப் போவதென்னவோ அழகாகத்தான்.
இறங்கி வர
அடுத்த படகுக்குக் காத்திருப்பான் போல.

டென்மார்க்கிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கர், மிக்கெல்.
பெனால்டி பெட்டிக்குள் தூண்டில்காரனைப் போல நிற்கிறான்.
இருபது வருடம் மீன்துறையில் கிரேன் ஓட்டுகிறேன்,
தூண்டில்காரர்களை எனக்குத் தெரியும்.
கடிக்காவிட்டால் அவர்களாவது
இடம் மாற்றி நிற்பார்கள்.

ஈவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.
பத்தொன்பது வயதுப் பையன்.
நாலுக்கு ஒன்று என்று தோற்ற அன்று
நாலாவது கோலுக்கு வழுக்கி விழுந்தான்.
யாரையும் பார்த்துக் கத்தவில்லை.
வலைக்குள் போய் பந்தை எடுத்து
சட்டைக் கையால் துடைத்து
நடுவட்டத்துக்கு வீசினான்.
அந்தத் துடைப்புக்காகவே
இந்த வருடச் சந்தாவைத் திருப்பிக் கேட்காமலிருக்கிறேன்.

எங்கள் சட்டையில் இருப்பது நீர்க்காகம்.
முழுகத் தெரிந்த பறவை என்று தேர்ந்தெடுத்தார்களாம்.
முழுகுவதில் ஒரு குறையுமில்லை,
போன வாரம் வரை பட்டியலில் பதினாறாம் இடம், மொத்தமே பதினாறு.
அந்தப் பறவை மீனோடு மேலே வருவதும் உண்டு என்று
வீரர்கள் அறையில் யாராவது எழுதி ஒட்டுங்கள்.

பிறகு இந்த ஞாயிறு.
எண்பத்தெட்டாம் நிமிடம்.
எதிரணிக்காரன் தன் கோல்கீப்பருக்குத் தலையால் தட்டிவிட்ட பந்தை
கடல்காற்று நடுவழியில் வாங்கி
மெதுவாக, மிக மெதுவாக, கோடு தாண்டி வைத்தது.
குதித்தேன். மறுக்கவில்லை.
ஊட்வாரின் கோட்டில் என் காப்பி முழுதும்.
எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தவளும் நான்தான்.

ஜெயித்துவிட்டோம். அதுதான் கவலை.
இனி அந்த மூவரை யார் மாற்றுவார்?
"திட்டம் பலிக்கத் தொடங்கிவிட்டது" என்று
திங்கட்கிழமைப் பேப்பரில் ஸ்டெய்னார் சிரிக்கிறார்.
ஐயா, அது காற்றின் திட்டம்.
அதற்குச் சம்பளம் கொடுத்தீர்களா?

வருகிற ஞாயிறு யோஸ்டெய்ன் வருகிறான்,
வேறு சட்டையில்,
அவனை விற்று நட்ட விளக்குகளின் கீழே ஆட.
கைதட்டுவதா ஊளையிடுவதா
எங்கள் வரிசையில் இன்னும் முடிவாகவில்லை.
சனி இரவு முழுக்கப் பனி என்கிறது வானிலை.

நடுவட்டத்தை மட்டும் தள்ளாமல் விட்டுவிடலாமா
என்று சும்மாதான் கேட்டேன்.

ஊட்வார் சிரிக்கவில்லை.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
எவ்வளவு ஆழத்துக்கு என்றான்.