சுயநினைவுடன்

இருபத்திரண்டு வருடமாக
வாலாஜா சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில்
ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை எழுதுகிறவள்.
பட்டா, உட்பிரிவு, கதவு எண்
ஒருமுறை காதில் விழுந்தால் போதும்,
கையில் நிற்கும்.

நாலாவது மருந்து ஏறிய வாரம்
"பொன்னுரங்கம் கிணற்றுக்குக் கிழக்கு,
ஏரிக்கால்வாய்க்கு"
என்று எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை.
திசை தெரிகிறது.
வெயில் அந்தப் பக்கம்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது.
பெயர் மட்டும் எங்கோ பஸ் ஏறிவிட்டது.
விற்கிறவர், வாங்குகிறவர், சாட்சி இருவர்
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பக்கத்து மேஜை முனவ்வர் பாய்
தலை நிமிராமல்
"மேற்கு" என்றார்,
தொண்டையைச் செருமுவதுபோல.

மருந்தால் வருவதுதான், பலருக்கும் வருகிறது,
போகப்போகத் தெளியலாம் என்றார் டாக்டரம்மா.
அந்த "லாம்" மட்டும்
வேலூரிலிருந்து ரத்தினகிரி வரை
ஜன்னல் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தது.
பத்திரத்தில் அப்படி எழுதினால்
சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார்.

இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு.
பால் அடுப்பில்: அடித்தாயிற்று.
காலை மாத்திரை: அடித்தாயிற்று, இரண்டு கோடு.
இரண்டு கோடு என்றால்
இரண்டு மாத்திரையா, இரண்டு சந்தேகமா?
டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன்.
நடுவில் காய்கறி வண்டிக்காரன் கூவினான்.
முதலிலிருந்து எண்ணினேன்.
குக்கர் விசில் எண்ணும்போது
யாரும் பேசக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.
மீறினால் எல்லாருக்கும் குழைந்த சோறு.
பீரோ சாவி புளி ஜாடியில் கிடைத்தது.
அது நோட்டில் இல்லை.

நேற்று ஒரு தான செட்டில்மெண்ட்.
ஆயிரம் முறை
கை தானாக எழுதிப்போன வரி:
யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி
சுயநினைவுடனும் முழு மனதுடனும்.
அங்கே பேனா நின்றது.
இந்த முறை மறதி இல்லை.
எழுதிக்கொடுக்கிறவருக்கு அந்த வரி சரி.
எழுதுகிறவளுக்கு?

"வார்த்தை வேணுமாம்மா?" என்றார் பாய்.
"வார்த்தை இருக்கு பாய்,
கொஞ்சம் நேரந்தான் வேணும்."
அவர் கட்சிக்காரர்களுக்கு டீ சொல்லி அனுப்பினார்.
என் கணக்கில்.

சர்வே எண்ணை விரல் வைத்து
மூன்று முறை படித்தேன்.
மூன்றும் ஒன்றாகவே இருந்தன.
கடைசிப் பக்கத்தில், தயாரித்தவர் என்ற இடத்தில்
கி. சம்பூர்ணம், வாலாஜாபேட்டை.
அதைப் பார்த்து எழுதவில்லை.