டேக் பதினொன்று

ஃபேனை நிறுத்தினால்தான் ரெக்கார்டிங்.
கொருக்குப்பேட்டை கேட்டை ஒட்டி
கேஸ் அடுப்பு ரிப்பேர் கடைக்கு மேலே என் ஸ்டுடியோ.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
கதவு இடுக்கில் பழைய மெத்தைப் பஞ்சு.
ஆனாலும் கூட்ஸ் வண்டி வந்தால்
முதலில் மைக்குக்குத் தெரியும்,
பிறகு பாதத்துக்கு, கடைசியாக எனக்கு.
பாட்டை நிறுத்திவிட்டு
வேகன் எண்ணிக்கொண்டிருப்போம்.

இது ஊழியம் இல்லை, தொழில்.
மணிக்கு முந்நூறு.
முப்பது பேர் சபைக்குப் போட
மூவாயிரம் பேரின் கைத்தட்டல் வைத்திருக்கிறேன்.
சுருதி விலகிய அல்லேலூயாக்களை
ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கியிருக்கிறேன்.
யாரும் இதைப் பொய் என்றதில்லை.
மிக்ஸிங் என்பார்கள்.

சுவரில் ஒரு சபைக் காலண்டர், யோவான் எட்டு.
அதன் ஆணியில்தான் என் ஹெட்போன் தொங்கும்.
'விடுதலையாக்கும்' மட்டும் வெளியே தெரியும்.
எது ஆக்கும் என்பது ஹெட்போனுக்குப் பின்னால்.

எப்சிபா அக்கா
ஸ்டான்லியில் நைட் டூட்டி முடித்து
ஆயா புடவையோடு நேராக வந்தார்.
பாட்டு, பாஸ்டர் தேவசித்தம் எழுதியது.
பூட்டிய கதவை என் தேவன் திறந்தார்.
முதல் டேக்கில் பேப்பரில் உள்ளபடியே பாடினார்.
இரண்டாவதில்: திறப்பார்.
'அக்கா, திறந்தார்.'
'தெரியும்பா.'
மூன்றாவதில் திறப்பார்.
நடுவில் ஒரு கூட்ஸ், நாற்பத்திரண்டு வேகன்.
ஏழாவதிலும் திறப்பார்.

பாஸ்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மைக்கில் சொன்னார்:
'விசுவாசம் இறந்தகாலத்தில்தான் பேசும், சகோதரி.
நடந்தாயிற்று என்று அறிக்கை பண்ணுங்கள்.'

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.
'புதன்கிழமை புழலுக்குப் போயி
மனு போட்டு என் காலேபைப் பாத்துட்டு வந்தேன், அய்யா.
ஏழு மாசமா உள்ள கீறான்.
கதவு மூடித்தான் இருந்துச்சு.
அவரு தொறப்பாரு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.
தொறந்துட்டாருன்னு
அவராண்டயே எப்படி பொய் சொல்றது?'

பதினொன்றாவது டேக் அப்படியே முடிந்தது.
வேர்வை ஹெட்போன் பஞ்சில் ஊறியிருந்தது.
படியிறங்கும்போது பாஸ்டர் என் தோளைத் தொட்டார்.
கெட்ட மனிதர் இல்லை,
ஹால் வாடகை மூன்று மாதம் பாக்கி,
பெரம்பூர் கன்வென்ஷனில் இந்தப் பாட்டுக்கு இடம் கேட்டிருக்கிறார்.
'ஒண்ணாவது டேக்ல இருந்து
ரெண்டு எழுத்து எடுத்து ஒட்டிடு, தம்பி.'

இரண்டு எழுத்துதான்.
எத்தனையோ ஒட்டியிருக்கிறேன்.
ராத்திரி ஒட்டினேன்.
அலைகள் பொருந்தின,
தையல் கண்ணுக்குத் தெரியவில்லை.
போட்டுக் கேட்டேன்.

அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது.
இன்னும் வராத ஒன்றுக்காக உள்ளே இழுத்த மூச்சு.
வந்துவிட்டதன் மேல் அது உட்கார மறுத்தது.
மூச்சை வெட்டிப் பார்த்தேன்.
பாட்டு செத்துப்போனது.
திரும்ப வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு
டேக் ஒன்றை அழித்தேன்.
காலையில் பாஸ்டருக்கு போன் செய்து
'ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, அய்யா' என்றேன்.
சத்தியத்தை ஒரு பொய்யால் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன்.
அது யாரை விடுதலையாக்கியதோ, என்னை இல்லை.
அவரிடம் பேசும்போதெல்லாம்
அந்த 'கரப்ட்' நாக்கில் இடறுகிறது.
ஹெட்போனை இப்போது ஆணியில் மாட்டுவதில்லை.

ஞாயிறு, பாக்கி வாங்கத்தான் போனேன்.
செருப்புகளுக்கு நடுவே நின்றேன்.
ஸ்பீக்கரில் அக்கா, திறப்பார்.
மேடையில் பாஸ்டர், திறந்தார்.
முப்பது பேரில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்,
சொல்லின் நடுவில் இடித்துக்கொண்டார்கள்.
கேட்கச் சகிக்கவில்லை.
நான் எதையும் நேராக்கவில்லை.
கடைசி வரிசையில் அக்கா
வாயைத் திறக்காமல் நின்றிருந்தார்,
கையில் பிஸ்கட் பாக்கெட், பழைய சட்டை இரண்டு,
புதன்கிழமைக்கு.